நூத்துலருந்து பத்துக்கு

ஜெனோவா வீடு இதானம்மா? நீங்கதான் அவ அம்மாவா? கேக்கவே வேண்டாம், அதே நெத்தி, அதே மொறைப்பு. நான் ஆவுடைநாயகி. திருநெல்வேலில அவ படிக்க காலேஜ்ல பெரிய கம்ப்யூட்டரப் பாத்துக்கிடுதேன். ஆவுடை மேடம்னு சொல்லிருப்பாளே? சொன்னதில்லையா? ஒரு தடவகூடவா? சரி, அவ பேசாத புள்ள.

நீங்க எந்திரிக்காண்டாம். மீனு வெட்டுத கைய பாதில நிப்பாட்டக் கூடாது. நான் சைவந்தான், அதுக்கென்ன, இந்தச் சேர இப்படித் திருப்பிப் போட்டு ஒக்காந்துக்கிடுதேன். என்ன மீனு, சீலாவா? எனக்குத் தூத்துக்குடி புதுசில்லம்மா. எங்க வீட்டுக்காரர் பேங்க்ல இருந்தப்ப மாத்தல் ஆயி ஒரு வருசம் இங்கதான் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுல ரோஸ்மேரின்னு ஒரு பொம்பள. மீன் வாடை வருது மீன் வாடை வருதுன்னு அந்தப் பக்கத்து ஜன்னலத் தொறக்கவே மாட்டேன். அவ குடுக்க கிறிஸ்துமஸ் கேக்கக்கூட மூக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் புள்ளைகளுக்குக் குடுப்பேன். கடைசில வீட்டக் காலி பண்ணும்போது பாத்தா, எங்க வீட்டு முத்தத்துச் சாக்கடைதான் அடைச்சுக் கெடந்துருக்கு. வாடை அதுலருந்துதான். பாவம், ஒரு வருசமா அவள மனசுக்குள்ள வஞ்சுட்டேன். அது கெடக்கட்டும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

இந்தாங்க, முந்திரிக்கொத்து. ஜெனோவாவுக்குப் பிடிக்கும். அவளுக்குன்னு எத்தன தடவ சுட்டுக் கொண்டு போயிருக்கேன் தெரியுமா? எம் மருமக கேப்பா, ‘அத்தை, காலேஜ்ல அம்புட்டுப் பேரு இருக்க, அந்தப் புள்ளைக்கு மட்டும் ஏன் வாரா வாரம் டப்பா போவுது’ன்னு. மெலிஞ்சு போயிட்டா பாவம், அதான்னேன்.

அவ இல்லையா? ஐஸ் கம்பெனி ஆபீசுக்கா? ஞாயித்துக்கிழமகூடவா? வேலைக்கே சேந்துட்டாளா? எத்தன பெட்டி மீன் ஏத்துமதின்னு டைப் அடிக்க வேலையா? அடக் கொடுமையே.

எப்ப வருவா? மத்தியானச் சாப்பாட்டுக்கா. நல்லது, இருந்து பாத்துட்டே போறேன். போன் எடுக்க மாட்டேங்காம்மா. அதான் எனக்குத் தாங்கல. பெத்த புள்ள மாதிரி வச்சிருந்தேன். போறேன்னு ஒரு வார்த்த சொல்லல. ஹாஸ்டலக் காலி பண்ணிட்டு பஸ் ஏறிட்டாளாம், வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்லா இருக்கா?

வார புதன்கிழம காலேஜ்ல ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. அவ வந்து நிக்கலேன்னா பிஎச்டி பதிவையே ரத்து பண்ணிருவாங்க. இத்தன வருசப் படிப்பும் போச்சு. அதத் தடுக்கத்தான் வெயில்ல பஸ் ஏறி வந்துருக்கேன். நீங்க அவகிட்ட ஒரு வார்த்த சொன்னா கேப்பா. அவள அனுப்பி மட்டும் வைங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.

என்ன சொன்னா? ‘எனக்கு மூள போதாதும்மா’ன்னா சொன்னா?

அவளே சொன்னாளா?

கொஞ்சம் தண்ணி குடுங்க. இல்ல இல்ல, நீங்க கைய நனைக்காண்டாம், நானே மோந்துக்கிடுதேன். பானை எங்கன இருக்கு? சரி, சரி.

அவளுக்கா மூள போதாது? நல்லாச் சொன்னா. நான் இந்த வேலைக்கு வந்து நாப்பது வருசம் ஆச்சும்மா. அப்பல்லாம் கம்ப்யூட்டர் இருக்க ரூமுக்கு மட்டுந்தான் ஏசி. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவோம், கோயிலுக்குப் போற மாதிரி. எங்க மாமியார் ‘ஆவுடை எங்கயோ ஏசில ஒக்காரப் போறா’ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா. ரிட்டயர் ஆன பொறவும் விடல, வருசா வருசம் ஒப்பந்தம் போட்டு என்ன வச்சுக்கிடுதாங்க. அங்க போனா ஆவுடை மேடம். வீட்டுல இருந்தா? ‘அத்தை, பால் பொங்குது பாருங்க.’ அவ்வளவுதான் நான். உங்களுக்குப் புரியும்.

எத்தன புள்ளைகளப் பாத்துருக்கேன். ஜெனோவா மாதிரி ஒருத்தியப் பாத்ததில்ல. அவ என்ன செய்தான்னு உங்களுக்குச் சொல்லிருக்காளா? தாமிரபரணில வெள்ளம் வந்தா எந்தத் தெருவுல எத்தன அடி தண்ணி நிக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லுத புரோகிராம். பாபநாசத்துலருந்து புன்னக்காயல் வரைக்கும் ஆத்தத் துண்டு துண்டா, கட்டம் கட்டமா வெட்டி கம்ப்யூட்டர்க்குள்ள வச்சிருக்கா. ஒரு கட்டத்துல தண்ணி ஏறுனா பக்கத்துக் கட்டத்துக்குச் சொல்லணும். அப்படி லட்சக்கணக்கான கட்டம். போன வெள்ளத்துல உங்க தெருவுலகூட இடுப்பளவு தண்ணி நின்னுச்சாமே? அதான், அதுக்காகத்தான் அந்தப் புள்ள இதையே எடுத்துப் படிச்சா.

அந்தப் புரோகிராம் ஓடி முடிக்கணும். முடிஞ்சாத்தான் தீசிஸ். அது முடியவே மாட்டேன்னுட்டு. அதான் கத.

ஏன் முடியலயா? சொல்லுதேன். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாட்டாலும் இது புரியும்.

எங்க மிஷின்ல ப்ராசசர் ரெண்டு இருக்கு. கணக்குப் போடுதது அதுதான். கணக்குக்கு வேண்டிய நம்பரெல்லாம் கெடக்கது மெமரில. ஒவ்வொரு ப்ராசசருக்கும் பக்கத்துலயே தனித்தனியா மெமரி உண்டு. மெமரிலருந்து ப்ராசசருக்கு வர ஒரு பாதை. பாதை எம்புட்டு அகலமோ அம்புட்டுத்தான் ஒரு நேரத்துல வரும். ப்ராசசர் எவ்வளவு வேகமா இருந்து என்ன, நம்பர் வந்து சேரலேன்னா கையக் கட்டிட்டு ஒக்காந்துருக்க வேண்டியதுதான்.

ஆமா! ஹார்பர் ரோடு மாதிரிதான். கப்பல் ரெடி, கிரேன் ரெடி, லாரி நெரிசல்ல நிக்கு. அதேதான். பாத்தீங்களா, புள்ளைக்கு மூள எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுது.

இதுல பாருங்க, கணக்குப் போடுத ப்ராசசர ஆளுக்குப் பாதியாப் பங்கு வைக்கது சுலபம். இந்தப் பாதி ஒனக்கு, அந்தப் பாதி எனக்கு. பாதையப் பங்கு வைக்கதுதான் கஷ்டம். யாரு முந்துதாங்களோ அவங்க எடுத்துக்கிடுவாங்க.

மொதல்ல ஜெனோவா மட்டுந்தான் ஓட்டிக்கிட்டு இருந்தா. ஒரு கவலையும் இல்ல. பொறவு கெமிஸ்ட்ரிக்காரங்க வந்தாங்க. அந்தத் துறைத் தலைவர் சங்கரபாண்டியன் சார் ஏதோ மருந்து ஆராய்ச்சிக்குப் பெரிய கிராண்ட் வாங்கிட்டாரு. மொத ப்ராசசர் எங்களுக்கு வேணும்னாரு. சரின்னு ஜெனோவாவ ரெண்டாவதுக்கு மாத்தினேன். ஆளுக்கு ஒண்ணு, சண்ட இல்லைல்லா? ஆனா சண்டதான். ஒரு நாள்ல முடிய வேண்டிய எங்க வேல ரெண்டு நாள் ஆவுதுன்னு அவரு வந்து நின்னாரு. எப்படிப்பட்ட ஆளு தெரியுமா? கத்த மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே, ‘மேடம், உங்களுக்கு முடியலேன்னா சொல்லிருங்க, சென்னைலருந்து ஒரு பையன் வாரேங்கான்’ அப்படிம்பாரு. என் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுத கமிட்டில அவருதான் முக்கியம்.

பாத்தேன். மொத ப்ராசசரோட பாதையப் பூராவும் ஜெனோவா புரோகிராம்தான் அடைச்சுக்கிட்டு நிக்கு. அப்ப என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க. ஒருத்தி ரோட்டப் பூராவும் அடைச்சா போலீஸ்காரன் என்ன செய்வான்?

அந்த மிஷின்ல ஒரு வசதி இருக்கு. யாரு வேலைக்குப் பாதைல எம்புட்டுங்கத நாம கட்டி வைக்கலாம். நூறுன்னா முழுசா. தொண்ணூறு, எம்பது, இப்படிப் பத்துப் பத்தாக் கொறைக்கலாம். ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும். நான் நூத்துலருந்து பத்துக்குக் கொண்டு வந்தேன்.

பத்துதான்.

தற்காலிகமா! ஒரு ரெண்டு மூணு நாளைக்கு. சங்கரபாண்டியன் சார் வாய அடைக்கணும்ல்லா? மறுநாளே வந்து, ‘ஆவுடை மேடம்னா ஆவுடை மேடந்தான்’னாரு. எனக்குச் சந்தோசம். இல்லேன்னு சொல்ல மாட்டேன். பொறவு வேல, அது இது, பேத்திக்கு அம்ம போட்டுருந்தது, வேப்பெலையும் மஞ்சளுமா அலைஞ்சேன், அதுல மறந்துட்டேன். வயசாயிட்டுல்லா. மறந்தே போச்சு.

அங்கதான் வென. இன்னொரு விதி உண்டு. ஒரு வேல அஞ்சு நாளுக்கு மேல ஓடுனா மிஷினே அத வெட்டி விட்டுரும். ஒருத்தரே புடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுல்லா, அதுக்காக. ஆமா, அதுவும் நான் போட்டதுதான், ஆனா அது எல்லாருக்கும் பொது. ரெண்டு நாள்ல முடியுத ஜெனோவா வேல, பத்துல கட்டுன பொறவு எட்டு ஒம்பது நாள் கேக்கும். அஞ்சாம் நாள் வெட்டிரும். பாதில நின்ன எடத்துலருந்து திரும்பத் தொடங்க அவ புரோகிராம்ல வழி கெடையாது. மறுபடி முதல்லருந்து. மறுபடி வெட்டு.

அவ என்ன நெனச்சா? தன் புரோகிராம்லதான் கோளாறுன்னு நெனச்சா. முழுசாத் திருப்பி எழுதினா. ஒரு தடவ இல்ல. நான் பாப்பேன், கண்ணாடி ரூமுக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து எழுதிக்கிட்டே இருப்பா. சாப்புடக்கூட எந்திரிக்க மாட்டா. எனக்கு மனசு கேக்குமா? டப்பாவத் தொறந்து பக்கத்துல வைப்பேன். ‘ஆன்ட்டி, நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்’ம்பா. ‘சாப்புடு புள்ள, சாப்புடு’ம்பேன். நானும் ஒண்ண எடுத்துக் கடிப்பேன், மெல்ல முடியாது. முந்திரிக்கொத்து கெட்டியாயிட்டுன்னு நெனச்சுக்கிடுவேன்.

கத்தியக் கொஞ்சம் கீழ வச்சுட்டுக் கேளுங்களேன், பயமா இருக்கு. இல்ல இல்ல, உங்களச் சொல்லல, மீனு வழுக்குது, கைல பட்டுறப் போவுது.

பொறவு அவ படிப்பு எதுவரைக்கும் வந்துருக்குன்னு ஒரு ரிவியூ வச்சாங்க, அன்னைக்கு நானும் இருந்தேன். கடைசி பெஞ்சுல. அவளோட கைடு துரைசிங் சார் எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டாரு, ‘ஒரு புரோகிராம ஒழுங்கா எழுதத் தெரியாத ஒனக்கு எதுக்கும்மா பிஎச்டி’ன்னு. அவ லேப்டாப்ப மூடிட்டா. துணியத் துவச்சுப் பிழிஞ்ச மாதிரி ஆயிட்டு மூஞ்சி. வெளிய வந்து என் தோள்ல சாஞ்சா. நான் முதுகத் தடவிக் குடுத்தேன். எவ்வளவு நேரம்னு நெனைக்கீங்க? நின்னுக்கிட்டே! எனக்கு முட்டு வலி உண்டு, தெரியுமா? அப்படியும் நின்னேன்.

சார் உங்ககிட்டயும் பேசுனாரா? நீங்களே கூப்புட்டீங்களா? அழுதீங்களா? என்ன சொன்னாரு?

‘நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுங்கம்மா’ன்னாரா.

ம்.

அவரு அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. பெரிய மனுசன் பேசுத பேச்சா அது?

கேளுங்க, இப்பத்தான் நல்ல சேதி வருது. அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். அவ போன பொறவு எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. பொங்கல் லீவுல காலேஜ்ல ஒரு ஆளு கெடையாது. வீட்டுல பானைய எறக்குன கையோட, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு மிஷின் ரூமுக்குப் போயிட்டேன். அவ புரோகிராம நானே ஓட்டிப் பாத்தேன். கட்டு எதுவும் இல்லாம, நூறுலயே. அவ வேல ரெண்டாவது ப்ராசசர்ல ஓடுது. ஆனா நம்பர் பூரா மொத ப்ராசசரோட மெமரில கெடக்கு! ஒவ்வொரு நம்பரும் அங்கருந்து இங்க தாண்டி வருது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கது ஒரு சின்னப் பாலம்.

எப்படிச் சொல்ல? எங்க நாத்தனா மகளுக்குக் கல்யாணம். நாத்தனான்னா மூத்தவ இல்ல, எளையவ, காதுல கல்லு வச்ச தோடு போட்டுருப்பா, அவளோட தோட்டுக் கதையே தனிக் கத, அது வேண்டாம். எங்கள்ல கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காப்பால்ல வைக்க கொழம்பு. மண்டபத்துல வடக்க ஒரு அடுக்கள, தெக்க ஒரு அடுக்கள. தேங்கா வந்த வேன் வடக்க நின்னுச்சா, எல்லா மூட்டையும் அங்கயே எறக்கிட்டாங்க. சொதி வைக்கது தெக்க. தேங்கா வேணும்போதெல்லாம் சமையக்காரன் பந்திக்கு நடுவோட ஓடுதான். எதுத்தாப்புல பாயச வாளியோட வாரவன் மேல மோதுதான். எல்லாரும் தெக்கத்திச் சமையக்காரனத்தான் ஏசுனாங்க. அவன் என்ன செய்வான்? மூட்டைய எறக்குன எடந்தானே தப்பு?

மிஷின்லயும் அப்படித்தான். ஒரு நம்பர எந்த ப்ராசசர் மொதல்ல தொடுதோ, அதோட மெமரிலதான் அது தங்கும். கடைசி வரைக்கும் அங்கதான். ஜெனோவா நம்பரெல்லாம் மொத ப்ராசசர் தொட்டுருக்கு. அதான் கெமிஸ்ட்ரிக்காரன் பாதையும் அடைச்சுது, அவளுக்கும் தாமசம் ஆச்சு. அவ வேணும்னு பாதைய அடைக்கல. அந்தத் தெக்கத்திச் சமையக்காரன் மாதிரி ஓடிக்கிட்டு இருந்தா, அவ்வளவுதான்.

ஒரே ஒரு வரிய மாத்தினேன். ரெண்டாவது ப்ராசசரே மொதல்ல தொடட்டும்னு. கெமிஸ்ட்ரி வேலையையும் கூடவே ஓட விட்டேன். ரெண்டும் ஜோரா ஓடுது. ஒண்ண ஒண்ணு இடிக்கல. ஜெனோவா வேல ஒன்றர நாள்ல முடிஞ்சு போச்சு! போன வெள்ளத்துல உங்க தெருவுக்கு எம்புட்டுத் தண்ணின்னு அவ கணக்கு சொல்லுது தெரியுமா? இடுப்பளவு. அச்சு அசல். ரூம்ல தனியா ஒக்காந்து நான் அழுதுட்டேன்.

அந்த நம்பரக் கொண்டு போயி அங்க போட்டது யாரா? அது... நம்பர உள்ள ஏத்துததுக்குன்னு ஒரு சின்னப் புரோகிராம். அவ ஆரம்பத்துல எழுதினது ரொம்ப மெதுவா இருந்துச்சு. பொறந்த நாளுக்கு வேறென்ன குடுக்கன்னு நானே ஒண்ணு எழுதிக் குடுத்தேன். அப்ப மொத ப்ராசசர் சும்மா கெடந்துச்சு, அதுலயே ஏத்தட்டும்னு வச்சேன். பொறவு அவள ரெண்டாவதுக்கு மாத்தும்போது அந்த ஒரு வரிய மாத்த விட்டுப் போச்சு. அன்பாச் செஞ்சதும்மா. அன்பாச் செஞ்சதுல வார கோளாற யாரு கண்டா?

அதனால நான் ஒரு ரோசனையோட வந்துருக்கேன். யாருக்கும் மனசு நோகாது. ஜெனோவா புதன்கிழம வரட்டும். முடிவு ரெடியா இருக்கு, இந்தா பையில பென் டிரைவ்ல கொண்டாந்துருக்கேன். ‘லீவுல யோசிச்சேன் சார், கோளாறக் கண்டுபுடிச்சுச் சரி பண்ணிட்டேன்’னு அவ சொல்லட்டும். அவளே கண்டுபுடிச்சதா இருக்கட்டும்! துரைசிங் சார் அசந்து போவாரு. பேரு அவளுக்கு. எனக்கு ஒரு பேரும் வேண்டாம். இதவிட ஒரு மனுசி என்ன செய்ய முடியும்? நீங்க மட்டும் இத அவகிட்ட எடுத்துச் சொல்லி...

என்ன?

கரண்டா? அங்க கரண்டு போவாதான்னா கேக்கீங்க? கரண்டு அடிக்கடி போகும். எங்க ஏரியால கேக்கவே வேண்டாம், மழத்தண்ணி விழுந்தாப் போதும். பேட்டரி கொஞ்ச நேரந்தான் தாங்கும், பொறவு மிஷினும் அணைஞ்சுரும். மறுபடி போட்டு முதல்லருந்து எல்லாத்தையும் அமைக்கணும், ரொம்பக் கஷ்டம். ஏன்னா நாம போட்ட கட்டெல்லாம் மிஷின் அணைஞ்சா தானா அழிஞ்சு, எல்லாருக்கும் நூறுன்னு வந்து நிக்கும்...

ஆமா. எல்லாருக்கும் நூறு.

ஆமா, ஜெனோவாவுக்கும்.

அப்படி இல்லம்மா. நீங்க கேக்கது புரியுது. நான்... கட்டளையெல்லாம் வரிசையா எழுதி வச்சிருப்பேன், அத அப்படியே... இல்ல. ஜெனோவாவோட பத்து அந்த வரிசைல இல்ல. தனியா அடிக்கணும்.

நீங்க ஏன் இப்படிப் பாக்கீங்க?

சரி. ஆமா. ஒவ்வொரு தடவையும் நாந்தான் அடிச்சேன். மறுபடி நூறு ஆச்சுன்னா அவரு மறுபடி வந்து சிரிச்சுக்கிட்டு நிப்பாருல்லா? அடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் நெனப்பேன், இந்த ஒரு வாரந்தான், அவ சின்னப் புள்ள, தாங்கிக்கிடுவா, அவளுக்கு வயசு இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அந்தக் கண்ணாடி ரூம விட்டா எனக்கு எங்கன எடம் இருக்கு சொல்லுங்க? அடிச்சுட்டு வீட்டுக்குப் போயி மாவு பெசைவேன். விடியக் கருக்கல்ல முந்திரிக்கொத்து சுடுவேன்.

எடுத்துட்டுப் போகவா? எதையம்மா, டப்பாவையா? வேண்டாம்னா இருக்கட்டும், அதுக்காக இப்படித் தூக்கி என் மடில வைக்கணுமா? மீன் கையோட...

ஸ்கூட்டி சத்தம் கேக்கே. அவளா? ஏளா ஜெனோவா, வா புள்ள, வா. எம்புட்டுக் கறுத்துட்ட! வெயில்லயே போறியா? நான் சும்மா, அம்மாவப் பாத்துட்டுப் போவோம்னு... ஏன் அங்கயே நிக்க? உள்ள வா. எவ்வளவு நேரமா நிக்க? வண்டிய இப்பத்தானே நிறுத்துன? இப்பதானே வந்த?

அப்ப கேட்டுட்ட.

நீங்க என்னம்மா செய்தீங்க? யாருக்குப் போன் போடுதீங்க? துரைசிங் சாருக்கா? இப்பவேவா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமம்மா, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து படுத்துருப்பாரு. நாளைக்கு நானே நேர்ல போயி, பக்குவமா, சங்கரபாண்டியன் சார் இல்லாத நேரமாப் பாத்து... அடிக்குதே. என்கிட்ட ஏன் நீட்டுதீங்க? செதிலு ஒட்டிருக்கு போன்ல. எனக்கு என்ன பேசன்னே... ஹலோ. ஆமா சார், வணக்கம் சார். இல்ல சார், ஜெனோவா அம்மா போன்தான், பேசுதது நான். ஆவுடை. நல்லாருக்கேன் சார். வீட்டுல நல்லாருக்காங்களா? பேரனுக்கு எக்ஸாம்லாம் முடிஞ்சுட்டா? என் பேத்தியும் அம்ம வந்து மெலிஞ்சவ இப்பத்தான் தேறி வாரா சார். தூத்துக்குடில வெயிலு தாங்கல. நம்ம ஊருலயாவது ஆத்தங்கரக் காத்து கொஞ்சம்...

என்னளா? என்ன சொல்லுத?

ஸ்பீக்கர்லயா?

போட்டுட்டேன்.

சார், ஜெனோவா புரோகிராம்ல கோளாறு இல்ல. அது ரெண்டு நாள்ல முடியுத வேல. நாந்தான் அவளுக்குப் போற மெமரிப் பாதையப் பத்துல கட்டி வச்சிருந்தேன். ஆமா சார், நான். அவ எழுதினது எல்லாம் சரி. மொதல்ல எழுதினதே சரி. பொறவு நம்பர உள்ள ஏத்துனது எம் புரோகிராம், அதுலதான் தப்பு. முடிவு கைல இருக்கு. கமிட்டில நானே சொல்லுதேன். சங்கரபாண்டியன் சார் முன்னாலயும் சொல்லுதேன்.

வயசா? ஆமா சார், அறுவத்தி நாலு. நீங்க நல்ல மனசோட சொல்லுதீங்க. மறதி வருது சார். கண்ணாடிய நெத்தில வச்சுட்டு வீடெல்லாம் தேடுதேன். பேத்திய மகள் பேரச் சொல்லிக் கூப்புடுதேன். போன வாரம் அடுப்புல பால வச்சுட்டு...

இல்ல சார்.

இத மறக்கல.